மினாமி தைத்தோ விமான நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் ஒகினாவா மாகாணத்தில், மற்ற தீவுகளோடு சேராமல் கிழக்கே தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது மினாமி தைத்தோ என்னும் கரும்புத் தீவு. அதில் 1,500 மீட்டர் ஓடுதளம், சின்னதாக ஒரு முனையக் கட்டடம், நாளுக்கு ஓரிரு விமானங்கள். அவ்வளவுதான் விமான நிலையம். ஆனால் போக நினைப்பவர்களுக்கு இதைப் பற்றி எழும் சந்தேகங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் அடிக்கடி வருபவை இங்கே.

தீவு எங்கே இருக்கிறது? பெயருக்கு என்ன பொருள்?

ஒகினாவா முதன்மைத் தீவிலிருந்து கிழக்கே சுமார் 360 கிலோமீட்டர். சுற்றிலும் பசிபிக் பெருங்கடல். அக்கம்பக்கம் என்று சொல்ல இருப்பது வடக்கே எட்டுக் கிலோமீட்டர் தள்ளி கித்தா தைத்தோ என்ற இன்னும் சின்னத் தீவு மட்டும். ‘மினாமி’ தெற்கு, ‘கித்தா’ வடக்கு, ‘தைத்தோ’ பெருங்கிழக்கு. ஒகினாவாக்காரர்கள் பழைய பேச்சில் இந்தப் பக்கத்தை ‘உஃபுஆகாரி’ என்றார்கள். வெகுதூரக் கிழக்கு என்று பொருள். சூரியன் எழும் திசையில் ஏதோ தீவுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதோடு சரி, அங்கே குடியேறியவர் எவரும் இல்லை. 1820-இல் இந்தப் பக்கம் வந்த ரஷ்யக் கப்பலின் பெயர் போரோதினோ. அதனால் ஐரோப்பிய வரைபடங்களில் இவை நெடுங்காலம் போரோதினோ தீவுகளாகவே இருந்தன.

இன்னொரு விஷயம். இந்தத் தீவே ஒரு பயணி. சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நியூ கினி பக்கம் எரிமலைத் தீவாகப் பிறந்து, கடலில் மூழ்கி, தலையில் பவளம் வளர்ந்து, மறுபடியும் மேலெழுந்த நிலம் இது என்கிறார்கள் நிலவியலாளர்கள். இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் வடமேற்காக நகர்கிறது. அதாவது ஒகினாவாவை நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு விமானம்.

எங்கிருந்து ஏற வேண்டும்? எவ்வளவு நேரம்?

ஒகினாவாவின் தலைநகரான நாஹாவிலிருந்து. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. டோக்கியோவிலிருந்தோ ஒசாக்காவிலிருந்தோ நேரடி விமானம் கிடையாது. எங்கிருந்து வந்தாலும் நாஹாவில் மாறித்தான் ஆக வேண்டும். பறப்பது ரியூக்யூ ஏர் கம்யூட்டர். ஜப்பான் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் என்பதால் அந்தக் குழுமத்தின் தளத்திலேயே பயணச்சீட்டு எடுக்கலாம். மினாமி தைத்தோவுக்கு வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை. பயணச்சீட்டில் எம்.எம்.டி. என்ற மூன்றெழுத்தைப் பார்த்தால் அது இந்த நிலையம். கே.டி.டி. என்றிருந்தால் நீங்கள் கித்தா தைத்தோவுக்குப் போகிறீர்கள். பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் சீட்டு எடுக்கும்போதே ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள். நடுவில் இருப்பது எட்டுக் கிலோமீட்டர் கடல்தானே, எப்படியாவது தாண்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஏன் என்பது கீழே.

கப்பலில் போக முடியாதா?

போகலாம். உண்மையில், இந்த விமான நிலையம் தீவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமென்றால் கப்பலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாஹாவின் தோமாரித் துறைமுகத்திலிருந்து ‘தைத்தோ’ என்ற சரக்குக் கப்பல் மாதத்துக்குச் சில முறை கிளம்பும். இரவு முழுக்கப் பயணம், ஏறத்தாழ 15 மணி நேரம். வந்து சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. மினாமி தைத்தோவுக்கு மணற்கரை கிடையாது. தீவைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைச் சுவர். அந்தச் சுவர் கடலுக்குள்ளும் அப்படியே செங்குத்தாக இறங்கிப் போகிறது. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். இந்த ஆழத்தில் அலைதடுப்புச் சுவர் கட்ட வழியில்லை. அதனால் கப்பல் கரையில் ஒட்டி நிற்காது. சில மீட்டர் தள்ளிக் கயிறுகளால் கட்டப்பட்டு, அலையில் ஏறி இறங்கிக்கொண்டே நிற்கும்.

அப்புறம் ஆட்கள் எப்படி இறங்குவது? கிரேன். ஒரு இரும்புக் கூண்டைக் கப்பல் தளத்தில் இறக்குவார்கள். சில பேர் அதற்குள் போய் நிற்க வேண்டும். கதவைச் சாத்தியதும் கிரேன் கூண்டைத் தூக்கி, கடலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் கரையில் வைக்கும். கார், உரமூட்டை, குளிர்சாதனப் பெட்டி, மனிதர் எல்லாம் ஒரே வழியில்தான். மீன்பிடிப் படகுகளைக்கூட இப்படித்தான் தினமும் கடலில் இறக்கி, தினமும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பாறையைக் குடைந்து மீன்பிடித் துறைமுகம் ஒன்று அமைத்தார்கள்.

உடம்புக்கு முடியாதவர், கைக்குழந்தைக்காரி, எண்பது வயதுப் பாட்டி எல்லோரும் அந்தக் கூண்டில் ஏறித்தான் போய்வர வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஓடுதளம் என்ற அந்தத் தட்டையான நிலம் இவர்களுக்கு என்ன என்பது புரியும். சுற்றுலாக்காரர்களுக்குக் கூண்டு ஒரு சாகசம். நேரமும் தைரியமும் இருந்தால் ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்று போய்வரலாம். கப்பல் தேதி அலையைப் பொறுத்து மாறும் என்பதால், போகும்போது கப்பலையும் திரும்பும்போது விமானத்தையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்த வகை விமானம்?

டேஷ் 8 க்யூ400. காற்றாடி விமானம்தான். ஆனால் சாதாரண க்யூ400 இல்லை. அந்த விமானத்தில் பொதுவாக எழுபதுக்கு மேல் இருக்கை போடுவார்கள். ரியூக்யூ ஏர் கம்யூட்டர் வைத்திருப்பதில் 50 இருக்கைதான். பின்பகுதி முழுக்கச் சரக்கறை. ‘கார்கோ காம்பி’ என்று பெயர். உலகிலேயே இந்த வகையை முதலில் வாங்கிப் பறக்கவிட்டது இந்தச் சின்ன நிறுவனம்தான். 2016-இல் சேவைக்கு வந்தது.

இருபதுக்கும் மேற்பட்ட இருக்கைகளை எடுத்துவிட்டுச் சரக்குக்கு இடம் விட்டது வீண் வேலை என்று தோன்றலாம். எனக்கென்னவோ இதைவிட ஊரறிந்து செய்த வடிவமைப்பு இல்லை என்றே படுகிறது. அலை பெரிதாக இருந்தால் கப்பல் நாள்கணக்கில் வராது. கடையில் பாலும் காய்கறியும் தீர்ந்துபோகும். அப்போது தபால், மருந்து, செய்தித்தாள், அவசரமாகத் தேவைப்படும் ஒரு இயந்திர உதிரிபாகம் எல்லாம் வர ஒரே வழி விமானத்தின் பின்பகுதி. அன்றைய செய்தித்தாள் காலையில் வாசலில் விழாது, விமானத்தில்தான் வரும். விமானம் வராத நாளில் செய்தித்தாளும் இல்லை.

ஜெட் விமானம் ஏன் வருவதில்லை?

ஓடுதளம் 1,500 மீட்டர். போயிங் 737 போன்றவற்றை வழக்கமாக இயக்க அது போதாது. நீட்டினாலும் நிரப்ப ஆள் வேண்டுமே. தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,200.

ஜப்பானிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் இங்கேதான் என்கிறார்களே?

இங்கேதான் இருந்தது. மினாமி தைத்தோ நிலையத்துக்கும் கித்தா தைத்தோ நிலையத்துக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர். நாஹாவிலிருந்து கிளம்பும் விமானம் ஒரு தீவில் இறங்கி, அடுத்த தீவுக்குத் தாவி, அங்கிருந்து நாஹாவுக்குத் திரும்பும். முக்கோணப் பாதை. வாரத்தின் கிழமையைப் பொறுத்து எந்தத் தீவு முதலில் என்பது மாறும். கால அட்டவணையில் கால் மணி, இருபது நிமிடம் என்று போட்டிருந்தாலும் வானத்தில் இருப்பது சில நிமிடங்கள்தான். இருக்கைப் பட்டையைப் போட்டு, ஜன்னலில் எட்டிப் பார்த்து, ‘அதோ தீவு’ என்று சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். இதற்காகவே ஜப்பான் முழுவதிலிருந்தும் விமானப் பித்தர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

2024 ஜூலை முடிவோடு அந்தச் சேவை நின்றுவிட்டது. இப்போது இரண்டு தீவுகளுக்கும் நாஹாவிலிருந்து தனித்தனியே விமானம். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் பக்கத்துத் தீவுக்கு விமானத்தில் போக வேண்டுமானால் நாஹாவரை போய்த் திரும்பி வர வேண்டும். பித்தர்களின் வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே நாளில் இரண்டு தீவுப் பள்ளிகளும் பந்து விளையாடிவிட்டுத் திரும்புகிற மாதிரி சமாசாரங்களுக்கு இது பெரிய இழப்பு.

விமானம் ரத்தாக வாய்ப்பு உண்டா?

உண்டு. புயல் காலத்தில் நிறையவே உண்டு. ஜப்பானில் வளர்ந்த பலருக்கு மினாமி தைத்தோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கரும்பு இல்லை, வானிலை அறிக்கை. வானொலியில் பல பத்தாண்டுகளாக வாசிக்கப்பட்ட வானிலைக் குறிப்பில் இஷிகாகித் தீவு, நாஹா, அடுத்தது மினாமி தைத்தோ என்றுதான் பட்டியல் தொடங்கும். பசிபிக்கில் எழும் புயல்கள் ஜப்பானை நோக்கித் திரும்புகிற வழியில் இந்தத் தீவு நிற்கிறது. அதனால் இங்குள்ள வானிலை ஆய்வகம் தினமும் இருமுறை பலூன் விட்டு மேல்வளிக் காற்றை அளக்கிறது. நாஹாவிலும் டோக்கியோவிலும் இருப்பவர்கள் புயல் எப்படி இருக்கும் என்று கேட்பது இந்தத் தீவிடம்.

நடைமுறையில் என்ன செய்வது? ஜூலை முதல் அக்டோபர் வரை போவதாக இருந்தால், திரும்பும் நாளுக்கும் நாஹாவிலிருந்து வெளிநாட்டுக்கோ டோக்கியோவுக்கோ பறக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். இரண்டு நாள் என்றால் நிம்மதி. புயலால் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தருவார்கள் அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள். ஆனால் 50 இருக்கை விமானத்தில் முந்தைய நாள் தங்கிப்போனவர்களும் சேர்ந்துகொள்ளும்போது இடம் கிடைப்பதுதான் பிரச்சினை. கையில் கொஞ்சம் ரொக்கமும், தினமும் சாப்பிடும் மாத்திரை நாலு நாளுக்குக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

பதிவு செய்யும் பெட்டிகளுக்கு 20 கிலோ. கைப்பையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நூறு இருக்கைக்குக் குறைவான விமானம் என்பதால் கைப்பை அளவு 45, 35, 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய விமானத்தில் மேலே வைத்த சக்கரப் பெட்டி இங்கே மேலே போகாது. நாஹாவில் மாறும்போது அதையும் பதிவில் போட்டுவிடுங்கள்.

இறங்கியதும் ஊருக்குள் எப்படிப் போவது?

பேருந்தை எதிர்பார்க்காதீர்கள். தங்குமிடம் பதிவு செய்தபோதே எந்த விமானத்தில் வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் வண்டியோடு வந்து நிற்பார்கள். இங்கே அதுதான் வழக்கம். ஊரின் மையத்துக்கு ‘சாய்ஷோ’ என்று பெயர். தங்கும் இடம், கடை, கிராம அலுவலகம், பள்ளி எல்லாம் அங்கேதான். போகும் வழி முழுக்கக் கரும்பு. கொஞ்ச தூரத்தில் சாலை சற்றே மேலேறி மறுபடி இறங்குவதைக் கவனித்தால், தீவின் அமைப்பு பிடிபடும். ஓரங்கள் உயர்ந்து நடு தாழ்ந்த கிண்ணம் இது. பழைய பவள வளையம்தான் விளிம்பு, அதற்குள் இருந்த கடற்கழிதான் இன்றைய கரும்பு வயலும் குளங்களும். கடல் நடுவே இருக்கும் தீவில் ஊருக்குள் நின்றால் கடல் தெரியாது. முதல்முறை வருபவர்களை இது கொஞ்சம் குழப்பும்.

ஒகினாவாவின் பல தீவுகளில் பயமுறுத்தும் ‘ஹாபு’ விஷப் பாம்பு இங்கே கிடையாது. இரவில் தைரியமாக நடக்கலாம். மரங்களில் தைத்தோப் பழந்தின்னி வௌவால் தொங்குவதைப் பார்க்கலாம். உலகில் இந்தத் தைத்தோ தீவுகளில் மட்டுமே வாழும் வகை.

உள்ளூர்க்காரர்கள் எதற்கெல்லாம் பறக்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும். பல் பிடுங்க, கல்யாணத்துக்கு, அரசு வேலைக்கு. தீவில் மருத்துவமனை இல்லை, ஒரு மருத்துவர் இருக்கும் மருத்துவ நிலையம் மட்டும். பிரசவம் பார்க்க வசதி கிடையாது என்பதால், கர்ப்பிணிகள் நாள் நெருங்குவதற்கு முன்பே ஒகினாவா முதன்மைத் தீவுக்குப் போய்த் தங்கிவிடுகிறார்கள். ‘சொந்த ஊர் மினாமி தைத்தோ, பிறந்தது நாஹா’ என்பதுதான் இங்குள்ள பிள்ளைகளின் ஜாதகம். விமானம் இல்லாத நேரத்தில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புப் படையின் ஹெலிகாப்டர் நாஹாவிலிருந்து வரும்.

அடுத்தது பள்ளிக்கூடம். இங்கே நடுநிலைப் பள்ளியோடு படிப்பு முடிகிறது. உயர்நிலைப் பள்ளி இல்லை. அதனால் பதினைந்து வயதில் ஒவ்வொரு பிள்ளையும் தீவை விட்டுக் கிளம்ப வேண்டும். இதை ‘பதினைந்தின் வசந்தம்’ என்கிறார்கள். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. தீவுச் சிறுமிகள் சான்ஷின் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடும் ‘போரோஜினோ முசுமே’ என்ற குழு உண்டு. ரஷ்யக் கப்பலின் பெயர் இந்தப் பெண்களிடம் வந்து ஒட்டிக்கொண்டதைப் பாருங்கள். அதில் நடுநிலைப் பள்ளியை முடிக்கும் பெண்கள் ஆண்டுதோறும் ஒரு கச்சேரியில் பாடி விடைபெறுவார்கள். அதன்பின் பிள்ளைகளைச் சுமந்து போகும் விமானம் திரும்பி வரும்போது இருக்கைகள் காலியாகவோ, மாற்றலாகி வரும் புது ஆசிரியர்களோடோ இருக்கும். வேறு எந்த மாதத்திலும் போங்கள், மார்ச் கடைசியில் இந்த நிலையத்தின் வாசலில் கேமராவோடு நிற்காதீர்கள். அது குடும்பங்களின் நேரம்.

இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தில் ஆட்கள் எப்படி வந்தார்கள்?

1900 ஜனவரியில், டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள ஹச்சிஜோ தீவிலிருந்து 23 பேர் பாய்மரக் கப்பலில் வந்து பாறையேறினார்கள். அனுப்பி வைத்தவர் தமாஒகி ஹான்எமோன் என்ற தொழிலதிபர். காட்டை வெட்டிக் கரும்பு நட்டார்கள். ஒகினாவாவிலிருந்து கூலிகள் வந்து சேர்ந்தார்கள். தீவு முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. கடை, பள்ளி, ரயில் எல்லாம் கம்பெனியுடையது. சம்பளமாகக் கம்பெனி அச்சடித்த சீட்டுகளைக் கொடுத்து, கம்பெனிக் கடையிலேயே செலவழிக்க வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிராம நிர்வாகம் வந்ததே போருக்குப் பிறகு 1946-இல். உழுதவர்கள் கைக்கு நிலம் வந்தது 1964-இல், ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தபோது.

இதனால் ஊரில் எல்லாம் இரண்டிரண்டு. திருவிழாவில் ஹச்சிஜோ முரசும் கேட்கும், ஒகினாவா சான்ஷினும் கேட்கும். மற்போரிலும் டோக்கியோ முறை ஒன்று, ஒகினாவா முறை ஒன்று.

எப்போது போகலாம், என்ன சாப்பிடலாம்?

ஜனவரியிலிருந்து மார்ச்வரை கரும்பு வெட்டு. அறுவடைக்கு வரும் ஆட்களால் தங்குமிடங்களும் விமானமும் நிரம்பியிருக்கும். ஏப்ரல், நவம்பர் தோதான மாதங்கள்.

சாப்பாட்டில் இரண்டைத் தவறவிடாதீர்கள். தடித்த இழைகளாக வரும் தைத்தோ சோபா நூடுல்ஸ். சோயாவில் ஊறவைத்த மீனை வைத்துச் செய்யும் தைத்தோ சுஷி. இரண்டாவது, ஹச்சிஜோக்காரர்கள் கையோடு கொண்டுவந்தது. ‘இன்கன்தருமா’ என்ற ஆழ்கடல் மீனைப் பற்றியும் சொல்வார்கள். அதன் கொழுப்பு மனித வயிற்றில் செரிக்காது. ஜப்பானில் அதை விற்கத் தடை இருக்கிறது, இந்தத் தீவில் ருசி தெரிந்தவர்கள் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு துண்டுக்கு மேல் போனால் நாளெல்லாம் கழிவறைதான். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் யார் உபசரித்தாலும் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

பழைய விமான நிலையம் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை அமைத்த இறங்குதளம்தான் பின்னாளில் பயணிகள் நிலையமானது. 19 இருக்கை ட்வின் ஆட்டர் விமானங்கள் அங்கே வந்துபோயின. 1997-இல் இப்போதைய நிலையம் திறந்ததும் பழையது மூடப்பட்டது. அதன் முனையக் கட்டடம் இப்போது ரம் ஆலை. கரும்புத் தீவில் ஏன் ரம் காய்ச்சவில்லை என்ற கேள்வி, ஒகினாவாவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு வந்தது. நிறுவனத்தின் உள் முதலீட்டுத் திட்டத்தில் விண்ணப்பித்து, 2004-இல் ‘கிரேஸ் ரம்’ தொடங்கினார். ‘கோர்கோர்’ என்ற பெயரில் இரண்டு வகை. சிவப்பு லேபிள் ஒட்டியது, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் வெல்லப்பாகில் காய்ச்சியது. பச்சை லேபிள் ஒட்டியது, கரும்புச் சாற்றிலேயே காய்ச்சியது. பச்சையில் வெட்டிய புல் வாசம் தூக்கலாக இருக்கும் என்பார்கள். ஒருகாலத்தில் பெட்டி எடை பார்த்த கட்டடத்தில் இப்போது புளிக்கும் வாசனை.

அந்த ரம்மை விமானத்தில் கொண்டுவர விடுவார்களா?

விடுவார்கள். ஜப்பான் உள்நாட்டு விமானங்களில் 100 மில்லி திரவக் கட்டுப்பாடு இல்லை. 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பானம் ஒருவருக்கு ஐந்து லிட்டர் வரை அனுமதி. கோர்கோர் 40 சதவீதம். நாஹா வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வரலாம். அங்கிருந்து வெளிநாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் மட்டும், நாஹாவிலேயே துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். மறந்தால் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.